அப்படி நடக்காவிட்டாலும்

பத்திரிகை அலுவலகத்தில் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு எங்கள் காலத்தில் முதலிற் கிடைப்பது ஒப்புநோக்கும் வேலை. அதிலும் தொடக்கத்திலேயே ஆசிரியத் தலையங்கமோ பாராளுமன்றச் செய்தியோ கைக்கு வந்துவிடாது. சிறு விளம்பரங்கள்தான் வரும். காணி விற்பனைக்கு, மணமகன் தேவை, தையல் இயந்திரம் விற்பனைக்கு, 31ஆம் நாள் நினைவஞ்சலி. இவற்றுக்கிடையே வாரந்தோறும் இரண்டு மூன்று வரிகளில் வேறொரு வகை விளம்பரமும் இருக்கும். புனித யூதா ததேயுவுக்கோ கொச்சிக்கடைப் புனித அந்தோனியாருக்கோ, கேட்ட வரத்தைத் தந்தமைக்கு நன்றி கூறும் விளம்பரம் அது. கீழே முழுப்பெயர் இராது. முதலெழுத்துகள் மட்டும் இருக்கும். என்ன வரம் கேட்டார்கள், எப்படிக் கிடைத்தது என்பதும் இராது.

எனக்கு அவற்றைப் பார்க்கப் பிடிக்கும். பரீட்சையில் சித்தியடைந்த ஒரு பிள்ளையோ, மத்திய கிழக்கிலிருந்து நலமாகத் திரும்பிய ஒரு தாயோ, குடியை விட்ட ஒரு கணவனோ அந்த இரண்டு எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கலாம். சொற்களுக்குக் காசு கணக்கிட்டு வாங்கும் பக்கத்தில், நன்றி சொல்வதற்கென்றே காசு கட்டும் மனிதர்களைக் குறைவாக மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும், பல ஆண்டுகள் அந்தப் பக்கங்களைப் பார்த்த பின் ஒன்று உறுத்தியது. கேட்டது கிடைக்கவில்லை, ஆயினும் ஆண்டவரே உமக்கு நன்றி என்று எவரும் விளம்பரம் கொடுத்ததில்லை. அப்படி ஒன்றை நான் ஒப்புநோக்கியதே இல்லை.

அப்படியான ஒரு விளம்பரம் விவிலியத்தில் இருக்கிறது என்பதுதான் வியப்பு. தானியேல் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் அது வருகிறது. பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் பொற்சிலை ஒன்றை நிறுத்தி, எல்லோரும் அதன் முன் விழுந்து வணங்க வேண்டும் என்று கட்டளையிடுகிறான். சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்ற மூன்று யூத இளைஞர்கள் மறுக்கிறார்கள். எரியும் சூளையில் எறிவேன், எந்தக் கடவுள் உங்களைக் காப்பாற்றுவார் என்று மன்னன் கேட்கிறான். எங்கள் கடவுள் எங்களைக் காப்பாற்ற வல்லவர் என்பது அவர்கள் பதிலின் முதற்பாகம். இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் அதுவும் ஒரு நல்ல சாட்சியந்தான். ஆனால் அவர்கள் தொடர்கிறார்கள்: ஒருவேளை அவர் காப்பாற்றாமல் விட்டாலும் உமது சிலையை வணங்கமாட்டோம் என்று மன்னனுக்கு அறிவிக்கிறார்கள்.

அவர்கள் சூளையிலிருந்து உயிரோடு வெளிவந்ததைத்தான் நமது ஞாயிறு பாடசாலைகளில் படம் வரைந்து கற்பிக்கிறோம். என்னைக் கேட்டால், கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அந்த இளைஞர்கள் எரிந்து சாம்பலாகியிருந்தாலும் அவர்களுடைய விசுவாசத்தில் ஒரு குண்டுமணி அளவும் குறைந்திராது.

விசுவாசம் என்ற சொல்லைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். வடமொழியிலிருந்து வந்த இச்சொல்லைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். ‘நம்பிக்கை’ என்ற அழகான தமிழ்ச் சொல் இருக்கும்போது இது ஏன் என்று தனித்தமிழ் அன்பர்கள் என்னோடு வாதிட்டதுண்டு. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் திருமுகத்தில் நிலைத்து நிற்பவை மூன்று என்கிறார். அவற்றுள் இரண்டாவது, வருங்காலத்தை நோக்கிய எதிர்பார்ப்பு. நமது மரபு நம்பிக்கை என்ற சொல்லை அதற்கு ஒதுக்கி வைத்தது. முதலாவதற்கு விசுவாசம் வந்து சேர்ந்தது. மூன்றாவதான அன்பே பெரிது என்று அவர் முடிப்பதை வாசகர்கள் அறிவீர்கள்.

ஆனால் கோயிலுக்கு வெளியே இச்சொல்லை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? விசுவாசமான நாய் என்கிறோம். எசமான விசுவாசம் என்கிறோம். தேர்தற் காலத்தில் கட்சி விசுவாசிகள் என்று நானே எத்தனையோ தலைப்புகளில் எழுதியிருக்கிறேன். இவ்விடங்களில் எல்லாம் விசுவாசம் என்பது ஒரு கருத்தை உண்மையென ஏற்றுக்கொள்வது அன்று. எசமான் இருக்கிறான் என்று நாய் ‘நம்புவதில்லை’; அவனை விட்டுப் போகாமல் இருக்கிறது, அவ்வளவுதான். விவிலியத்தின் மூலமொழிகளும் இதற்கு மிக அருகில் நிற்கின்றன. கிரேக்கத்தில் ‘பிஸ்திஸ்’ என்ற சொல்லுக்கு நம்புதல் என்ற பொருளோடு உண்மையாய் நிலைத்திருத்தல் என்ற பொருளும் உண்டு. எபிரேயத்தில் ‘எமூனா’ என்பது உறுதியாய் நிற்பதைக் குறிக்கும். ஒவ்வொரு செபத்தின் முடிவிலும் நாம் யோசிக்காமலே சொல்லும் ‘ஆமென்’ அதே வேரிற் பிறந்தது.

ஞாயிறுதோறும் நாம் விசுவாசப் பிரமாணம் சொல்கிறோம். அதில் உள்ள ஒவ்வொரு கூற்றும் சரி என்று ஒப்புக்கொள்வது தேவைதான். ஆனால் கடவுள் ஒருவர் என்பதைப் பேய்களும் ஏற்றுக்கொண்டு நடுங்குகின்றன என்று யாக்கோபு தமது திருமுகத்தில் ஓரிடத்தில் எழுதுகிறார். எவ்வளவு கூரிய கிண்டல்! பேய்க்கு இல்லாதது அறிவு அன்று, விசுவாசந்தான் இல்லை.

நமது நாட்டின் வரலாற்றிலேயே இந்த வேறுபாட்டைக் கண்ணாற் காணலாம். 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கோயில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தத் திருச்சபைக்கு உரியனவாயின. பிள்ளைகள் அவர்களுடைய பாடசாலைக்குப் போக வேண்டும், போகாவிட்டால் குற்றப்பணம். திருமணமும் பிறப்பும் அவர்களுடைய தோம்பில் பதியப்பட வேண்டும். இல்லையேல் முதுசச் சொத்தில் உரிமை கோருவது சிக்கலாகும். அரசாங்க உத்தியோகத்துக்கும் ஞானஸ்நானம் வேண்டும். ஆகவே யாழ்ப்பாணத்தில் ஆயிரக்கணக்கானோர் ஏட்டில் கிறிஸ்தவராயினர். வீட்டுக்குள் விபூதி பூசி, வெளியே வரும்போது அழித்துக்கொண்டார்கள் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அவர்களை நான் குறை கூறமாட்டேன். காணியைக் காப்பாற்ற வேறு வழி இருக்கவில்லை. 1796இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும் அந்தக் கிறிஸ்தவம் வெயிற்பனியாய் மறைந்தது. ஏட்டில் இருந்த பெயர்களுக்குரிய மனிதர்கள் தங்கள் பழைய கோயில்களுக்கே திரும்பிப் போனார்கள்.

அதே காலத்தில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. குருவானவர் இல்லை, திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை. இப்படி ஏறத்தாழ 30 ஆண்டுகள். ஆனாலும் கரையோரக் கிராமங்களிலும் சில்லாலை போன்ற இடங்களிலும் கத்தோலிக்கர் தங்கள் செபங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தபடி காத்திருந்தார்கள். அவர்களுக்கு எவரும் எந்த வரமும் தரவில்லை. அதிற் கிடைத்ததெல்லாம் இழப்பு மட்டுமே.

அவர்களைத் தேடித்தான் 1687இல் யோசேவ் வாஸ் அடிகளார் வந்தார். 1651இல் கோவாவில், கொங்கணி பேசும் பிராமணக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். குரு என்று தெரிந்தால் பிடித்துவிடுவார்கள் என்பதால் கூலியாள் வேடத்தில், யோவான் என்ற ஊழியரோடு தூத்துக்குடியிலிருந்து தோணியேறினார். வந்து சேரும்போதே கடும் வயிற்றோட்டம். பிச்சைக்காரரைப் போல் கிடந்த அவரை, இரக்கப்பட்ட ஒரு பெண் கொடுத்த கஞ்சி காப்பாற்றியது என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். எழுந்து நடமாடத் தொடங்கியதும் கழுத்தில் செபமாலையை வெளியே தெரியும்படி அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்த மாலையைக் கண்டு எந்த வீட்டாரின் முகம் மாறுகிறது என்று பார்ப்பதுதான் அவர் வழி. துப்பறியும் கதைகள் எழுதுவோருக்கும் இப்படி ஒரு யோசனை எளிதில் தோன்றாது.

பின்னர் புத்தளம் வழியாக 1692இல் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய ஒற்றன் என்று சந்தேகித்து விலங்கிட்டுச் சிறையில் அடைத்தார்கள். சிறையிலிருந்தபடியே சிங்களம் கற்றார். கண்டி மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தன். எனினும் காலப்போக்கில் அடிகளாரை மதித்து அவர் பணிக்கு இடங்கொடுத்தான். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னனும் பிரதானிகளும் நகரை விட்டு வெளியேறினர். நோயாளிகளை உறவினரே காட்டோரத்தில் கொண்டுபோய் விட்ட காலம். அடிகளாரும் அவருடைய மருமகனான இன்னொரு குருவும் நகரிலேயே தங்கி, கொட்டில் போட்டு, நோயாளிகளைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களைப் புதைத்தார்கள். யார் எந்தச் சமயம் என்று பார்க்கவில்லை.

அவரைப் பற்றி மழை வருவித்த அற்புதம் ஒன்று பெரிதாகப் பேசப்படுகிறது. அதை மறுப்பதற்கு நான் யார்? ஆனால் பெரியம்மைக் காலத்தில் அவர் அற்புதம் எதையும் எதிர்பார்த்துக் கைகட்டி நின்றதாகத் தெரியவில்லை. தண்ணீர்ச் செம்பும் துணியுமாக நின்றார். 24 ஆண்டுகள் இந்த மண்ணில் உழைத்து, ஊருக்கு ஒரு முறையும் திரும்பிப் போகாமல், 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் காலமானார். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995 ஜனவரியில் கொழும்பு காலிமுகத்திடலில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அதே திடலில் 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். கடலலை போல் மனிதர் திரண்டிருந்த அந்தக் காலைப் பொழுதில் எனக்கு அந்தக் கஞ்சி கொடுத்த பெண்ணின் நினைவுதான் வந்தது. அவள் என்ன சமயத்தவள் என்று யாரேனும் கேட்டு வைத்தார்களா?

இனி இன்றைய காலத்துக்கு வருவோம். கொழும்பிலும் புறநகர்களிலும் மதில்களில் சுவரொட்டிகளைப் பார்க்கிறோம். அற்புத சுகமளிக்கும் கூட்டம், ஆசீர்வாதப் பெருவிழா, கடன் தீரும், விசா கிடைக்கும். எல்லாச் சபைகளையும் ஒரே கோலால் அளப்பது நியாயமன்று. யுத்தக் காலத்திலும் கடற்கோளுக்குப் பின்னும் அகதி முகாம்களில் சட்டிபானை கழுவிய பெந்தேகோஸ்தே இளைஞர்களை நான் கண்டிருக்கிறேன். ஆனால் விசுவாசத்தை ஒரு நாணயமாக்கி, இவ்வளவு போட்டால் இவ்வளவு வரும் என்று போதிப்போரும் இருக்கிறார்கள். அந்த வியாபாரத்தில் சரக்கு வராவிட்டால் பழி வாங்கியவன் மீதே விழும்: உனக்கு விசுவாசம் போதாது.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் இருந்தார். நீரிழிவுக்காரர். குணம் கிடைத்துவிட்டது என்று ஒரு கூட்டத்தில் அறிவித்தார்கள். அறிவித்த பின் இன்சுலின் ஊசி போடுவது அவிசுவாசம் என்றும் சொன்னார்கள். மனிதர் ஊசியை நிறுத்தினார். ஆறே மாதத்தில் முழங்காலுக்குக் கீழ் வலது காலை எடுக்க வேண்டியதாயிற்று. வைத்தியரும் மருந்தும் கடவுளின் கை அல்ல என்று இவர்களுக்கு யார் சொன்னது? இயேசுவைக் கோயிற் கோபுரத்தின் மேல் நிறுத்தி, கீழே குதித்துப் பார், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று தூண்டியவன் யார் என்பதை நற்செய்தியில் வாசிக்கிறோம். அவன் அதற்குத் திருப்பாடல் ஒன்றை மேற்கோளும் காட்டினான். இயேசு குதிக்கவில்லை.

என் வீட்டிலும் இந்தச் சோதனை வந்தது. 2003இல் என் மனைவிக்கு மார்புப் புற்றுநோய் என்று கண்டார்கள். மகரகமவுக்கும் வீட்டுக்குமாக 11 மாதங்கள் நடந்தோம். நாங்கள் செபித்தோம். பிள்ளைகள் செபித்தார்கள். கனடாவிலும் நோர்வேயிலும் இருந்த உறவினர்கள் நவநாள் வைத்தார்கள். அக்காலத்தில் எங்களைப் பார்க்க வந்த ஒரு செபக்குழுவினர் எண்ணெய் பூசி, தலையில் கைவைத்து, உரத்த குரலில் மன்றாடினார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். போகும்போது அவர்களில் ஒருவர் என்னை வாசலுக்கு அழைத்து, “அண்ணை, உங்கட வீட்டில எங்கேயோ ஒரு விசுவாசக் குறைவு இருக்கு. அதைக் கண்டுபிடிச்சால் எல்லாம் சரிவரும்” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உள்ளே வந்து படுக்கையருகில் அமர்ந்து பொரிந்து தள்ளினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

“இஞ்சருங்கோ, அவையளைப் பேசாதேங்கோ. அவையளுக்குப் பயம். எனக்கு வந்தது தங்களுக்கும் வந்திடும் எண்டு பயம். என்னிலை ஒரு குறை இருந்தால் அவையள் தப்பியிடலாம்.”

அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பல பிரசங்கங்கள் விளங்கின. யோபுவின் நண்பர்களும் அதைத்தானே செய்தார்கள்? சாம்பலில் இருந்தவனோடு ஏழு நாள் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பேசத் தொடங்கியதும் அவனுடைய குற்றம் என்ன என்று தேடினார்கள். நூலின் முடிவில் கடவுள் சினந்துகொள்வது, வாய்க்கு வந்தபடி அவரோடு வழக்காடிய யோபுவிடம் அன்று. கடவுளுக்காக வாதாடிய அந்த நண்பர்களிடம். கடவுளோடு சண்டை பிடிப்பவனும் அவரை விட்டுப் போகாதவன்தான்.

என் மனைவி குணமடையவில்லை. கடைசி வாரங்களில் அவள் தனக்காகச் செபித்ததை நான் கேட்கவில்லை. அடுத்த கட்டிலில் அம்பாந்தோட்டைப் பக்கத்துச் சிங்களப் பெண்ணொருத்தி, வயது முப்பதுக்குள், இரண்டு சிறு பிள்ளைகளை ஊரில் விட்டு வந்து கிடந்தாள். அவளுக்காக நாளொன்றுக்கு ஒரு செபமாலை. அந்தப் பெண் பின்னர் பிழைத்தாளா என்பதை நான் விசாரிக்கவில்லை. அதை அறிந்துகொள்ளாமலிருப்பதே நல்லது என்று அன்று தோன்றியது, இன்றும் அப்படித்தான்.

சந்தேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விசுவாசி என்றால் சந்தேகமே எழாதவன் என்று நினைப்போர் அன்னை திரேசாவின் கடிதங்களைப் பார்க்க வேண்டும். அவர் இறந்து 10 ஆண்டுகளின் பின், 2007இல் அவை நூலாக வெளிவந்தன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் கடவுளின் அருகாமையை உணராமல், உள்ளே ஒரே இருளாக இருந்ததை அவர் தமது ஆன்ம குருமாருக்கு எழுதியிருந்தார். உலகப் பத்திரிகைகள் ஏதோ ஊழலைக் கண்டுபிடித்தது போலத் தலைப்பிட்டன. பத்திரிகைக்காரனாகிய எனக்கு அத்தலைப்புகளின் கவர்ச்சி விளங்கும். ஆனால் அந்த இருளோடுதான் அவர் தினமும் விடியுமுன் எழுந்து செபித்துவிட்டு, கல்கத்தாவின் வீதியோரத்தில் கிடந்தவர்களைத் தூக்கிச் சென்றார். 2016இல் திருச்சபை அவரைப் புனிதராக்கியபோது அக்கடிதங்களை ஒளித்து வைக்கவில்லை. மாற்கு நற்செய்தியில், வலிப்பு நோயால் வருந்தும் மகனோடு வந்த தகப்பன் விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் ஒரே மூச்சில் அறிக்கையிட்டு உதவி கேட்கிறான். முதலில் உன் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

நமது நாட்டில் இந்தக் கேள்வி தனி மனிதரின் நோயோடு நின்றுவிடவில்லை. 1995 ஜூலை 9ஆம் திகதி, இடம்பெயர்ந்து வந்து நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தங்கியிருந்தவர்கள் மீது விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1999 நவம்பர் 20ஆம் திகதி மடுத் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் எறிகணையில் இறந்தார்கள். கோயிலுக்குள் போனால் தப்பலாம் என்று ஓடியவர்கள் இவர்கள். பின்னர் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், அவற்றோடு கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்கள். இறந்தவர்கள் 260க்கும் மேல். அந்த ஏப்ரல் 21 யோசேவ் வாஸ் அடிகளாரின் பிறந்தநாள். நாட்பொருத்தத்தில் பொருள் தேடும் பழக்கம் எனக்கில்லை. நாட்காட்டியில் இருப்பதைச் சொல்கிறேன்.

மட்டக்களப்பில் இறந்தவர்களுள் சிறுவர்கள் பலர். கிறிஸ்துவுக்காக உயிர் கொடுப்பீர்களா என்று அன்று காலை ஞாயிறு பாடசாலையில் கேட்கப்பட்டதாகவும், பிள்ளைகள் எல்லோரும் கைகளை உயர்த்தியதாகவும் ஒரு செய்தி உலகெங்கும் பரவியது. அதை வைத்துப் பலர் உருக்கமான பிரசங்கங்கள் செய்தார்கள். எனக்கு அது உவப்பாக இல்லை. பத்து வயதுப் பிள்ளை ரீச்சர் கேட்டால் கையை உயர்த்தும். அந்தக் கைகளை நமது வாதத்துக்குச் சான்றாக்காமல், அப்பிள்ளைகளின் பெற்றோரோடு வாய்மூடி உட்கார்ந்திருப்பதே மேல்.

விசுவாசம் என்பதன் சோதனை பின்னர் வந்த வாரங்களிலேதான் நடந்தது என்று நினைக்கிறேன். பழிவாங்க வேண்டாம் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். ஆயினும் மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தானிய அகதிகள் வெளியேற்றப்பட்டார்கள். தங்கள் நாட்டில் மத வெறிக்குத் தப்பி வந்த அஹ்மதியாக்களும் கிறிஸ்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள்! இடமின்றித் தவித்த அவர்களுக்கு உதவப் போன குருக்களும் கன்னியரும் இருந்தார்கள்; அதற்காகத் தங்கள் சொந்த மக்களிடமே ஏச்சும் வாங்கினார்கள். விசுவாசம் எங்கே இருந்தது என்று என்னைக் கேட்டால் அந்த ஏச்சு வாங்கிய இடத்தில் என்பேன்.

2020 உயிர்த்த ஞாயிறன்று, தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று கர்தினால் கூறினார். மன்னித்தவர் பின்னர் ஏன் ஜெனீவா வரை சென்று நீதி கேட்கிறார் என்று சிலர் கேலி பேசினார்கள். இது விளங்காத்தனம். மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. உண்மையைச் சொல்ல வேண்டியது அரசின் கடமை. முன்கூட்டியே புலனாய்வுத் தகவல் கிடைத்திருந்தும் தடுக்கத் தவறியமைக்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்னிப்பு இந்த வழக்குக்குக் குறுக்கே நிற்கவில்லை.

மடுவில் கேட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்து சில ஆண்டுகளின் பின் ஓர் ஆவணித் திருவிழாவுக்குப் போயிருந்தேன். நாட்டின் நாலாபுறத்திலுமிருந்து தமிழரும் சிங்களவருமாகச் சனம் காட்டுக்குள் கூடாரமடித்திருந்தது. மரநிழலில் மன்னார்ப் பக்கத்து அம்மா ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். கையில் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு படம். 2008இல் கூட்டிக்கொண்டு போகப்பட்ட மகன். ஆணைக்குழுக்களுக்கும் முகாம்களுக்கும் அலைந்ததையெல்லாம் சொன்னார். நான் பத்திரிகைக்காரன் என்று அறிந்ததும் படத்தை நீட்டினார், விபரங்களைக் குறித்துக்கொண்டேன். பிறகு, கேட்கலாமோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“அம்மா, வருசா வருசம் மாதாவிட்டை வாறீங்கள். கேட்டது கிடைக்கேல்லையே. மனம் விட்டுப் போகேல்லையோ?”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை, இது என்ன கேள்வி என்பது போல.

“தம்பி, நான் கேட்டதை அவர் தரேல்லைத்தான். அதுக்காக நான் அவரை விட்டிட்டுப் போறதோ? என்ரை பிள்ளையைத் தேடுறதை நான் விட்டனானே? அவரையும் அப்பிடித்தான்.”

“பிள்ளையைக் கொண்டு போனவையை மன்னிக்க ஏலுமோ அம்மா?”

“ஏலாது தம்பி” என்றார் உடனே. பிறகு இடுப்பில் செருகியிருந்த மெழுகுதிரிகளை எடுத்து எண்ணினார். “ஏலாது. அதுக்கும் சேர்த்துத்தான் கேக்கிறன்.”

பூசைக்கு மணி அடித்தது. படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, எழுந்து, சனத்துக்குள்ளே போனார்.